பழைய பிக்கப்பை மீட்பதும் தாழ்த்துவதும்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வாசலில் பழைய பிக்கப் நிறுத்தியிருப்பவர்களுக்குத் தெரியும். போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் அடித்து விரல் தேய்ந்ததால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. என் பக்கச் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டியின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங்கில், சேசிஸை (வண்டியின் அடிச்சட்டம்) அறுக்காமல், வேண்டாமென்றால் போல்ட்டைக் கழற்றி பழைய உயரத்துக்கே திருப்பக்கூடிய வேலையைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

அண்ணா, வெளிநாட்டு வீடியோல வர்ற ஃபோர்டு, செவர்லே பிக்கப் மாதிரி இங்க கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அது நம் பட்ஜெட் பேச்சே இல்லை. வண்டி விலையை விடுங்கள், ஒரு கதவு ரப்பருக்குக்கூட கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊரில் குறைந்த செலவில் செய்ய நினைப்பவருக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு: ஜீப் சேசிஸில் வந்த பழைய மஹிந்திரா பிக்கப்புகள், 1988இல் வந்த டாடா மொபைல் 206 (அதன் பின் வந்த 207ஐயும் சேர்த்துக்கொள்ளலாம்), அப்புறம் நம்ம பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஸ்டாண்டர்டு 20.

முதல் வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு மஹிந்திரா. பாதி சாமான் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது, எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அதன் வயிறு தெரியும். டாடா அடுத்தது. ஸ்டாண்டர்டு 20 மெட்ராஸ்காரனுக்குப் பெருமைதான். ஆனால் கம்பெனி மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, சாமானுக்கு லேத் கடையையே நம்ப வேண்டும். இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது முதல்ல எதைப் பார்க்கணும்?

எஞ்சினை அல்ல, சேசிஸை. எஞ்சின் கெட்டால் இறக்கி வேலை செய்யலாம், இல்லை மாற்றலாம். சேசிஸ் அரித்திருந்தால் நீங்கள் வாங்கியது ஆர்.சி. புக்கை மட்டும்தான். கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவில் இருக்கும் சந்து, ஸ்பிரிங் பட்டையை (அடுக்கடுக்கான வளைந்த இரும்புப் பட்டைகள்) சேசிஸில் மாட்டியிருக்கும் ஹேங்கர்கள், பேட்டரி தட்டுக்கு அடிப்பகுதி, இந்த மூன்றிலும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும். செதில் செதிலாக அரித்த இடத்தில் சத்தம் அமுங்கிப்போகும். அங்கே ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினால் உள்ளே இறங்கினாலும் இறங்கும். புதிதாக கறுப்பு பெயின்ட் அடித்த சேசிஸ் என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

எண்ணூரிலோ திருவான்மியூரிலோ கடலோரமாக வெளியில் நின்ற வண்டிக்கு உப்புக் காற்று தன் வேலையைக் காட்டியிருக்கும். இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஹெட்லைட்டுக்குள் சேற்றுக் கோடு, சீட்டுக்கு அடியில் சுருள் கம்பியில் ஒரே மட்டத்தில் துரு, வயரிங் கனெக்டரைப் பிரித்தால் பச்சைப் பூத்தல்: இவை இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதைவிடக் கிளம்பிவிடுவது நல்லது.

ஆர்.சி. புக் இருக்கு, ஆனா ஆன்லைன்ல நம்பர் போட்டா வண்டியே வரல. வாங்கலாமா?

பழைய காகித ஆர்.சி. வண்டிகள் பலவற்றின் விவரம் கணினியில் ஏறவில்லை. பேக்லாக் என்ட்ரி என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் அதை ஏற்ற வழி உண்டு. ஆனால் அந்த வேலையை விற்பவர் முடித்துக் கொடுத்த பிறகு பணம் கொடுங்கள். "நீங்க எடுத்துக்கோங்க, நான் கையெழுத்து போட்டுத் தர்றேன்" என்பதெல்லாம் வேண்டாம். புக்கில் பெயர் உள்ளவர் உயிரோடு இல்லை என்றால் வாரிசுச் சான்றிதழ்வரை போக வேண்டியிருக்கும்.

வாங்குமுன் சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள், புக்கில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். பின்னால் சேசிஸுக்கு பெயின்ட் அடிக்கும்போதும் அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். கனமான பெயின்டில் நம்பர் மூழ்கிவிட்டால் ஆய்வாளர் முன்னால் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

15 வருஷம் ஆன வண்டிய கட்டாயம் ஸ்கிராப் பண்ணணுமாமே?

டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்தையும் பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் என்ற தடை அந்த வட்டாரத்துக்கானது. தமிழ்நாட்டில் தனியார் வண்டி 15 வருஷம் முடிந்ததும் ஆய்வுக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, 5 வருஷம் 5 வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 15 வருஷத்தில் கட்டாயமாகக் கழிக்கப்படுவது அரசு வண்டிகள்தான். புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் முன்புபோல இல்லை, நன்றாகவே ஏறியிருக்கிறது. பரிவாகன் தளத்தில் பார்த்து அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை போர்டு, மஞ்சள் போர்டு, எது நல்லது?

ஆசைக்கு வைத்துக்கொள்வதென்றால் வெள்ளை. பிக்கப் பெரும்பாலும் சரக்கு வண்டியாக, மஞ்சள் போர்டில்தான் பதிவாகியிருக்கும். வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை. ஆனால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று தேவை. 8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு அது வருஷா வருஷம். லோயரிங் செய்த வண்டியை வருஷத்துக்கு ஒரு முறை ஆய்வாளர் முன்னால் நிறுத்துவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்கின பிறகு கையில ரெண்டு லட்சம் இருக்கு ப்ரோ. எங்க ஆரம்பிக்கறது?

முதலில் நாற்பதாயிரத்தை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிட்டு, கையில் 1.6 லட்சம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்பதாயிரம் எப்படியும் போகும். எதற்கு என்பது தகட்டைப் பிரித்த பிறகுதான் தெரியும்.

முதல் செலவு பிரேக். பழைய ஜீப் வகைகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம், மாஸ்டர் சிலிண்டர் ஒரே லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு. ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், ஆயில் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். அடுத்து ஸ்டீயரிங் ஜாயின்ட், கிங் பின் (முன் சக்கரம் திரும்புவதற்கான முளை), டயர். அதற்குப் பிறகு சேசிஸ், ஃப்ளோர் துரு. பிறகு எஞ்சின் ஒழுகல். பிறகு வயரிங், பெயின்ட், சீட். எல்லோரும் பெயின்டில் ஆரம்பித்து பிரேக்குக்கு வரும்போது காசில்லாமல் நிற்கிறார்கள். பாதியில் நின்ற வண்டிகள் ஓ.எல்.எக்ஸில் பளபளவென்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

டிங்கரிங்கை நாள் கூலிக்கு விடாதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் இவ்வளவு என்று பேசி, முடிய முடியப் பணம் கொடுங்கள். கழற்றிய நட்டு போல்ட்டுகளை கவரில் போட்டு எழுதி உங்கள் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். பட்டறையில் விட்டால் அவை அடுத்த வண்டிக்குப் போய்விடும். யாரையும் குறை சொல்லவில்லை, பட்டறை இயல்பு அது.

புதுப்பேட்டைல எல்லாமே கிடைக்கும்ல?

நிறையக் கிடைக்கும். எதை அங்கே வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பதுதான் விஷயம். கதவு, பானெட், கிரில், கண்ணாடி, ரிம், ஆக்ஸில் ஹவுசிங், கியர் பாக்ஸ் எல்லாம் பழையதே போதும். பல நேரம் பழைய தகடு இன்று கிடைக்கும் டூப்ளிகேட்டைவிடக் கனமாக இருக்கும். பிரேக் பாகங்கள், ஸ்டீயரிங் ஜாயின்ட், பேரிங், ரப்பர், ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலோடு (சக்கர அச்சு) கட்டும் யூ போல்ட் இவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போங்கள்.

பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் பாதிப் பேரம் முடிந்த மாதிரி. கடைக்காரரிடம் வண்டிப் பெயரைச் சொன்னால் மூன்று வகை காட்டுவார். பாகத்தைக் காட்டினால் ஒன்றுதான் எடுப்பார். எஞ்சின் வாங்குவதாக இருந்தால் பில்லும், அது எந்த வண்டியிலிருந்து கழன்றது என்பதற்கான காகிதமும் இல்லாமல் தொடாதீர்கள். எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

துரு பிடிச்ச இடத்துல பட்டி போட்டு மூடிட்டா என்ன?

ஒரு மழைக்காலம் தாங்கும். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், துரு உள்ளிருந்தே வேலை செய்யும், அடுத்த தையில் கொப்புளமாக எழும்பும். அரித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் வேலை. ஃப்ளோருக்கு 18 கேஜ், வெளிப் பாகங்களுக்கு 20 கேஜ் கேளுங்கள். ஒரே இழுப்பில் வெல்டிங் ஓட்டினால் தகடு நெளியும். புள்ளி புள்ளியாக, இங்கொன்று அங்கொன்று என்று ஆறவிட்டு வைக்க வேண்டும்.

சேண்ட் பிளாஸ்டிங், அதாவது மணலைப் பீய்ச்சித் துருவை எடுப்பது, சேசிஸுக்கு அருமை. கதவுக்கும் பானெட்டுக்கும் வேண்டாம், மெல்லிய தகடு அலை அலையாகிவிடும்.

பெயின்ட் எந்த மாசத்துல அடிக்கலாம்?

மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த ஷெட்டில் அடித்தால் காற்றிலுள்ள ஈரம் பெயின்டில் அமர்ந்து வெளுத்துப் போகும். அக்னி நட்சத்திர வெயிலிலோ தின்னர் பறந்துபோய் பரப்பு சொரசொரவென்று நிற்கும். இன்னொரு எச்சரிக்கை: ரெட் ஆக்சைடு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட்டு "அப்புறம் பாத்துக்கலாம்" என்று மழையில் நிறுத்தாதீர்கள். பிரைமர் தண்ணீரைத் தடுக்காது, அதனூடே இறங்கி அடியில் துரு பிடிக்கும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். பழைய நிறத்தையே அடிப்பது செலவும் மிச்சம், என் கண்ணுக்கு அழகும்கூட.

லோயரிங் பண்றது சட்டப்படி தப்பா? நேரா சொல்லுங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி. விவரத்துக்கும் முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை இறுக்கமாகவே வாசித்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. சேசிஸை அறுப்பது, வீல்பேஸை (முன் பின் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரம்) மாற்றுவது, பாடி வகையை மாற்றுவது எல்லாம் சந்தேகமே இல்லாமல் இதில் விழும்.

தரையிலிருந்து உயரம் ஆர்.சி.யில் அச்சாகியிருப்பதில்லை. அதனால் அங்குலக் கணக்கில் குறைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். கேட்கலாம். ஆய்வாளர் பாதுகாப்பில்லை என்று எழுதினால் அதுதான் தீர்ப்பு. விபத்து நடந்தால் எதிர்த்தரப்பு வக்கீலும் கேட்பார். நான் ஏன் திருப்பக்கூடிய வேலையையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு இது ஒரு காரணம். தார்ச் சாலைக்கு வெளியே, கண்காட்சிக்கு மட்டும் நிறுத்தும் வண்டி என்றால் கதை வேறு.

சரி, எவ்வளவு இறக்கலாம்?

சென்னைக்கு ஒன்றரை அங்குலம், மிஞ்சினால் இரண்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி கட்டிய வேகத்தடையே 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் தெருவாசிகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டுகிற தடைகளுக்கு எந்த விதியும் கிடையாது, அவை குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். மேன்ஹோல் மூடிகளையும் மழைநீர் வடிகால் வேலைப் பள்ளங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அளவுகோல் உண்டு. ரிம்மின் கீழ் விளிம்பிலிருந்து தரைக்கு இணையாக ஒரு நூல் பிடியுங்கள். சேசிஸ், ஸ்டீயரிங் ராடு, யூ போல்ட் தகடு எதுவும் அந்த நூலுக்குக் கீழே தொங்கக்கூடாது. டயர் பஞ்சராகி ரிம்மில் உருண்டாலும் அவை ரோட்டில் உரசாமல் இருக்க வேண்டும்.

பின்னாடி பட்டையில ரெண்டை உருவிட்டா தானா இறங்கிடும்னு மெக்கானிக் சொல்றாரு.

இறங்கும், நிற்காது. பட்டையை உருவினால் உயரம் மட்டுமல்ல, விறைப்பும் குறைகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஆக்ஸில் பம்ப் ஸ்டாப்பில் (ஆக்ஸில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) இடிக்கும். கிளட்சை விடும்போது ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும். மிச்சப் பட்டைகள் கூடுதல் பாரம் தாங்கி, ஒரு நாள் மெயின் பட்டை உடையும். அது உடைந்தால் ஆக்ஸில் நேராக நிற்காது. அடியில் தனியாக நிற்கும் தடித்த ஓவர்லோடு பட்டையை எடுத்தால் போதுமே என்றால், காலி வண்டியில் அது பாரமே தாங்குவதில்லை. எடுத்தாலும் உயரம் குறையாது.

சரியான வழி, ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து எல்லாப் பட்டைகளின் வளைவையும் ஒரே அளவில் குறைத்து வாங்குவது. கழற்றுமுன் பட்டையின் இரு முனையிலுள்ள கண்ணுக்கு (வளையம்) நடுவே நூல் கட்டி வளைவின் ஆழத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடம் வலம் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வளைவு குறைந்தால் பட்டை நீளும், அதனால் பட்டை முனையைச் சேசிஸோடு இணைத்து ஆடும் ஷேக்கிள் பின்னால் சாயும். அது படுத்துக்கொண்டால் ஸ்பிரிங்குக்கு அசைய இடமிருக்காது. பழைய பட்டைகளைத் தொடாமல் வைத்துவிட்டு, புதுப்பேட்டையில் இன்னொரு செட் வாங்கி அதில் இந்த வேலையைச் செய்வது இன்னும் புத்திசாலித்தனம்.

வண்டியிலேயே வெச்சு கேஸ் கட்டர்ல சூடு காட்டினா அஞ்சு நிமிஷத்துல இறங்கிடுதே?

ஓடிவிடுங்கள். ஸ்பிரிங் இரும்புக்கு உயிரே அதன் பதம்தான். சிவக்கச் சூடாக்கி அப்படியே ஆறவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும். பட்டறையில் சூடாக்கினாலும் முழுப் பட்டையையும் உலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி பதம் போடுவார்கள். ஒரே இடத்தில் தீ காட்டிய பட்டை அங்கேயே தொய்ந்து உடையும்.

ரெண்டு அங்குல பிளாக் போட்டேன் சார், வண்டி இறங்கறதுக்குப் பதிலா ஏறிடுச்சு!

இந்தப் புகார் வந்துகொண்டே இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தால், இரண்டுக்கும் நடுவில் பிளாக் வைத்தால் வண்டி இறங்கும். பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருந்தால் அதே பிளாக் வண்டியைத் தூக்கும். சி.ஜே. என்ற பழைய ஜீப் வகையில் பட்டை கீழே. பாரம் ஏற்றும் பிக்கப்புகளில் பின்பக்கம் பெரும்பாலும் மேலே. மேலே இருப்பதைக் கீழே மாற்றினால் ஆக்ஸில் குழாயின் கனமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்து ஒரேயடியாக நாலைந்து அங்குலம் இறங்கும். பிறகு ஆக்ஸில் சேசிஸில் இடிக்காமலிருக்க சேசிஸை வெட்ட வேண்டிவரும். அந்த வழி நமக்கு வேண்டாம், மேலே சொன்ன, பட்டையின் வளைவைக் குறைக்கும் வேலையே போதும்.

பிளாக் பொருந்தும் வண்டியென்றால் இரும்பு பிளாக்தான், மரக்கட்டை கூடாது. ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் முளையும் இருந்து பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டில் உட்கார வேண்டும். பிளாக்கின் கனத்துக்கேற்ப நீளமான புது யூ போல்ட் போடுங்கள், கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள். பின் ஆக்ஸிலுக்கு மட்டும்தான் இதெல்லாம். ஸ்டீயரிங்கோடு திரும்புகிற முன்பக்க ஆக்ஸிலுக்குப் பிளாக் வைக்காதீர்கள்.

என் வண்டில முன்னாடி பட்டையே இல்ல, நீளமா ஒரு கம்பி போகுது. அதை எப்படி இறக்கறது?

அது டார்ஷன் பார், முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலையைச் செய்யும் கம்பி. அதன் முனையில் உயரம் சரிசெய்யும் போல்ட் இருக்கும், காசே இல்லாமல் இறக்க இதுதான் வழி. முதலில் போல்ட்டின் தற்போதைய நிலையில் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பாரம் விலகிய பிறகு, இரண்டு பக்கமும் ஒரே சுற்று திருப்புங்கள். இறக்கி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு அளந்து பாருங்கள். ஓரங்குலத்துக்கு மேல் போனால் பம்ப் ஸ்டாப் தொடத் தொடங்கும். முடித்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லாவிட்டால் டயரின் ஓரம் சீக்கிரமே வழித்தெடுத்ததுபோல் ஆகிவிடும். ஹெட்லைட் வெளிச்சத்தையும் மறுபடி சரிசெய்யுங்கள்.

இறக்கினதுக்கு அப்புறம் பிரேக் போட்டா பின் சக்கரம் பூட்டிக்குது. ஏன்?

சில பிக்கப்புகளில் சேசிஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு சிறு கம்பியோடு பிரேக் வால்வு ஒன்று இருக்கும். பாரம் ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. நீங்கள் வண்டியைத் தாழ்த்தியதும், பாரம் ஏறிவிட்டது என்று அது எடுத்துக்கொள்கிறது. காலி வண்டி, முழு அழுத்தம், மழையில் நனைந்த ரோடு: வால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கம்பியின் பிடிப்பை இறக்கிய அளவுக்கு ஏற்ப மாற்றி அமைக்க வேண்டும். வால்வைக் கழற்றி எறிவது தீர்வல்ல. அதோடு பிரேக் ஹோஸ் எங்கேயாவது உரசுகிறதா, ஷாக் அப்சார்பர் முழுக்க மடங்கி இடிக்கிறதா, பின் ஆக்ஸிலைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணத்தால் அதிர்வு வருகிறதா என்று ஒரே மூச்சில் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு வம்பு வேணாம், டயரை மட்டும் சின்னதா மாத்தினா?

கொஞ்சம் பலன் உண்டு. ஜீப் வகைக்கு 6.00-16 டயரின் விட்டம் சுமார் 730 மி.மீ. 215/75 ஆர் 15 போட்டால் சுமார் 703. விட்டத்தில் குறைந்ததில் பாதிதான் உயரத்தில் குறையும், அதாவது அரை அங்குலம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 58 போவீர்கள், பெரிய விஷயமில்லை. தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள், பாரக் குறியீடு குறையாமல் எடுங்கள். கார் டயரை பிக்கப்பில் மாட்டி பாரம் ஏற்றினால் பக்கச் சுவர் வெடிக்கும். கண்ணுக்குத் தாழ்வாகத் தெரிய அகலமான ரிம்மும், கறுப்பு அடித்த அடிப்பாகமும் செய்கிற மாயம் பலருக்குப் புரிவதில்லை.

50 வருஷம் தாண்டின வண்டி. விண்டேஜ் பதிவும் வேணும், லோயரிங்கும் வேணும்.

இரண்டில் ஒன்று. 2021இல் வந்த விதிப்படி, 50 வருஷம் கடந்த, வணிக உபயோகமில்லாத வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி, நம்பரில் 'வி.ஏ.' எழுத்தோடு 10 வருஷப் பதிவு வாங்கலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் மூல வடிவில் இருக்க வேண்டும். அந்தப் பதிவோடு தினசரி காய்கறி வாங்கவும் போக முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, எரிபொருள் போன்ற காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். உங்கள் வண்டி அந்த வயதை நெருங்குகிறது என்றால் இன்று அறுக்கும் ஒவ்வொரு இரும்பும் அன்று தடையாக நிற்கும்.

இன்சூரன்ஸ் தருவாங்களா?

மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், கிடைக்கும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு இந்த வயது வண்டிக்கு எல்லாக் கம்பெனியும் தராது. செய்த மாற்றங்களை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால் கிளைம் நேரத்தில் சர்வேயர் முதலில் படம் எடுப்பது அந்த பிளாக்கைத்தான்.

கடைசியா ஒண்ணு. இறக்கின வண்டில வீடு மாத்தும்போது பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் ஏத்தலாமா?

மச்சான் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். இரண்டு அங்குலம் இறக்கியபோது ஸ்பிரிங் அசைய இருந்த இடத்தில் இரண்டு அங்குலத்தை எடுத்துவிட்டீர்கள். மிச்சமிருக்கும் இடத்தைக் காலி வண்டியில் அளந்து பாருங்கள்: ஆக்ஸிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே உங்கள் நாலு விரல் படுக்கையாக நுழையாவிட்டால் ஒரு பீரோகூட அதிகம். ஏற்றியே ஆக வேண்டுமென்றால் முந்தின நாள் பிளாக்கைக் கழற்றி பிளாக் போடுமுன் இருந்த நீளத்திலேயே புது யூ போல்ட் போட்டு, அல்லது எடுத்து வைத்த மூலப் பட்டைகளை மாட்டி, பிரேக் வால்வையும் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு ஏற்றுங்கள். அரை நாள் வேலை. டாடா ஏஸ் வாடகை அதைவிடக் குறைவு.